கதவு தட்டும் எஞ்சின்

கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! பலகையில் மலையும் மேடும் செதுக்கிய தச்சர் அவர்களே! பெரியோர்களே! சாப்பாட்டு மேசையைப் பொம்மை ரயிலுக்குத் தாரைவார்த்துவிட்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடும் தாய்மார்களே! முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அண்ணி அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் குழாய் பொருத்துகிறவன், பேச்சாளன் அல்லன். இதே மண்டபத்தில் இரண்டு முறை தோற்றவன். தோற்றவனுக்குப் பேச உரிமை இல்லையா?

நம் பொம்மை ரயில் சங்கத்து வழக்கம் நீங்கள் அறிந்ததே. மாதிரி எஞ்சின் எத்தனை அழகாக இருந்தால் என்ன? அசல் எஞ்சினை ஓட்டியவர் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, காதால் மட்டும் கேட்டு, "இது என் வண்டி" என்று சொன்னால்தான் நம் தண்டவாளத்தில் அதற்கு இடம். என் டீசல் எஞ்சினின் அசலை இருபத்தொரு ஆண்டுகள் ஓட்டியவர் யார்? என் அண்ணி!

என்ன ஐயா, பின்வரிசையில்? "வீட்டு ஆள்தானே, விட்டுக்கொடுக்க மாட்டாங்களா" என்கிறீர்களா? எங்கள் அண்ணியை உங்களுக்குத் தெரியாது.

முதல் முறை, அசல் எஞ்சின் நின்றபடி இயங்கியபோது ஒலியைப் பதிவுசெய்து, நகமளவு மின்சில்லில் ஏற்றி, மாதிரி எஞ்சினுக்குள் பொருத்திக்கொண்டு வந்தேன். அண்ணி கேட்டார். "தம்பி, இது சும்மா நிக்கிற வண்டி. பாரம் இழுக்கிற வண்டி இப்படியா மூச்சு விடும்?"

அதற்குள் அந்த எஞ்சினை உடைக்க உத்தரவு வந்துவிட்டது. மிச்சம் ஒரே ஓட்டம்! அனுமதிக்கு அலையாய் அலைந்தேன். ஓட்டுநர் அறையில் ஏறினேன். காற்று இரையாதிருக்க ஒலிவாங்கிக்கு என் கம்பளிக் காலுறையை மாட்டினேன். "தொவச்சதுதானே?" என்றார் வண்டியை ஓட்டிய அண்ணி. முப்பத்தெட்டுச் சரக்குப் பெட்டிகளோடு உறுமியது, உதறியது, உயிரைப் பிடித்துக்கொண்டு மேடேறியது! மறுவாரம் வெட்டி எடைக்குப் போட்டார்கள். இனி அதன் குரல் என்னிடம் மட்டும்தான்.

நான் என்ன செய்தேன்? சுத்தம் செய்தேன்! பதிவின் நடுவே கடகடவென்று ஒரு தட்டல். இரைச்சல் என்றெண்ணி, மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் நீக்கினேன். இரண்டாம் முறை அண்ணி கேட்டார், முகம் மாறியது.

"இது என் வண்டி இல்ல. எடது பக்கக் கதவு எங்க? தாழ்ப்பாள் தேஞ்ச கதவு, மேடு ஏறுறப்ப தட்டும். தட்டல் நின்னா மேடு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதக் கேட்டுத்தான் நான் விசையக் குறைப்பேன்."

வெட்கினேன், அவையோரே! அழுதேன்! குப்பை என்று நான் கூட்டித் தள்ளியதல்லவா அவருக்கு வழிகாட்டி! ஆனால் விட்டேனா? மூலப் பதிவைத் தேடி எடுத்தேன். மாதிரி எஞ்சின் மேடேறிப் பாரம் கூடினால் கதவு தட்ட வேண்டும். மேடு முடிந்தால் அடங்க வேண்டும். சில்லு மூன்று கருகின. இது நான்காவது. இன்றும் தோற்றால்? ஐந்தாவதோடு வருவேன்!

அண்ணி, திரும்பி உட்காருங்கள். தச்சரே, மேட்டுப் பாதையில் விடுங்கள்.

உறுமுகிறது... ஏறுகிறது... கேட்கிறதா கதவு? தலைவரே, மணியடிக்காதீர்கள், இன்னும் நாலு பெட்டிதான் ஏற வேண்டும்! நின்றது தட்டல்.

அதோ, அண்ணியின் கையைப் பாருங்கள்! எதிரே ஒன்றுமில்லை, வெறும் காற்றில் விசையைக் குறைக்கிறார்! இனி வாயால் வேறு சொல்ல வேண்டுமா? என்ன அண்ணி?

"சொல்லணும் தம்பி, அதானே வழக்கம். இது என் வண்டி."

கேட்டீர்களா! காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. தண்டவாளத்தில் இடம் விடுங்கள். என் வண்டி வருகிறது. வணக்கம்!