அத்தானின் ஞாபகம்

செப்டம்பர் 23, செவ்வாய்.

இன்றைய தவறு: மாலை வகுப்பில் அறை மாறி உட்கார்ந்துவிட்டேன். என்னுடைய கடிதம் எழுதும் வகுப்பு மாடியில். நான் உட்கார்ந்தது கீழே, குழாய் பொருத்தும் வகுப்பில். கரும்பலகையில் வளைவுக் குழாயின் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் முதல் வரிசை. எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் கடைசிவரை இருந்து, கசிவை அடைப்பது எப்படி என்று ஒன்றரைப் பக்கம் குறிப்பெடுத்தேன். ஒரு சந்தேகம்கூடக் கேட்டேன். நல்ல கேள்வி என்றார் ஆசிரியர்.

நாட்குறிப்பை ஒரு சின்னத் தவறோடு தொடங்க வேண்டும் என்பது எங்கள் கடித வகுப்பு ஆசிரியரின் விதி. அப்படித் தொடங்கினால் மீதியும் உண்மையாக வருமாம். வாரக் கடைசியில் நோட்டை வாங்கி, தேதி இருக்கிறதா, தவறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை சோதிப்பதற்காக இரண்டாம் பக்கத்தில் அவருடைய மீசையைப் பற்றி எழுதிவைத்தேன். 'நன்று' என்று போட்டுக் கொடுத்தார். ஆகவே இங்கே எதையும் எழுதலாம்.

நாளைக் காலை அத்தான் காவல் நிலையத்துக்குப் போகிறார். நான் கூடப் போகிறேன். அது ஏன் என்று முதலிலிருந்து ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். நானும் அவரும் ஓர் இஸ்திரிக் கடையில் வேலை செய்தோம். கீழே கடை, மேலே ஒரே அறை. அந்த அறையில் தையல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கடைச் சாவி ஷட்டருக்கு மேலே ஓர் இடுக்கில் இருக்கும். யார் கடைசியில் கிளம்புகிறார்களோ அவர்கள் பூட்டிவிட்டு அங்கே வைக்க வேண்டும். அத்தான் குடிப்பார். மதியத்துக்குமேல் "ஒரு நிமிஷம் மச்சான், வந்துடறேன்" என்று கிளம்புவார். அந்த ஒரு நிமிடம் சில நாள் மறுநாள் காலையில்தான் முடியும். அவருடைய மேசையையும் நானே பார்த்துக்கொண்டு, மாலையில் வகுப்புக்கு ஓடுவேன்.

சென்ற மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மாலை கடை எரிந்துபோனது. தையல்காரர் தைத்த துணியைக் கொடுக்க வெளியே போயிருந்தார். அவர் மனைவிக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் மின்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. நான்தான், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இரவெல்லாம் படுக்கையில் பதில் தயாரித்து வைத்திருந்தேன். பரீட்சைக்கு உருப்போட்ட கேள்வி வராமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கேட்டது அத்தான் மட்டும்தான். மறுநாள் காலையில் வாசற்படியில் எழுந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சேறு. அக்கா விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நேத்து கடைய யாருடா மச்சான் பூட்டினது?"

தயாராக இருந்த பதில் வாயில் நின்றது. வீணாக்க மனம் வரவில்லை.

"நீங்கதான் அத்தான். நான் வகுப்புக்குக் கிளம்பிட்டேனே."

"பெட்டிய அணைச்சேனா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகு எழுந்து போக முடியவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்தாயிற்று.

இனி சபையைப் பற்றி எழுத வேண்டும். மேசியா வந்துவிட்டார் என்று நம்புகிற, ஆனால் பழைய நியமப்படி சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்கிற சிறு கூட்டம் எங்களுடையது. டயர் கடைக்கு மேலே வாடகை அறை. சபையை நடத்தும் மூப்பர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பிரசங்கம் செய்யும்போதுகூட ஒரு கண்ணை மூடி எதிரே இருப்பவரின் பார்வையைச் சோதிப்பதுபோல் பார்ப்பார். உபவாச நாளுக்கு முந்தைய மாதம் முழுவதும் காலையில் எக்காளம் ஊதி மனந்திரும்ப அழைப்போம். ஊதுகிறவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். பேருந்து பின்னால் வருகிற சத்தம் மாதிரியே இருக்கும். கீழே டயர் கடைக்காரர் ஒருமுறை பதறி விலகியதை நானே பார்த்தேன்.

நான் பிறந்ததிலிருந்து அந்தச் சபையில் இருக்கிறேன். சாட்சி சொல்ல எழுந்தால் என்னிடம் சரக்கு இருக்காது. பக்கத்து வீட்டு சைக்கிளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று ஒருமுறை கண்ணீரோடு சொன்னேன். பின் வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். "சரி தம்பி, உக்காரு" என்றார் மூப்பர். என் பாவங்கள் எல்லாம் சில்லறை. எனக்கென்று ஒரு பெரிய பாவம் வாய்த்தபோது அதையும் அத்தானுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் என்னைக் கஞ்சன் என்பார்கள்.

அத்தான் ஏப்ரலில் சபைக்கு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்தப் படியேறியதே இல்லை. அன்று மூப்பர் சொன்னது ரொம்ப எளிமையானது. "கடவுள் தூரத்துல இல்ல. நாமதான் முதுகக் காட்டிட்டு நிக்கிறோம். நடந்து நடந்து தேட வேணாம். நின்ன இடத்துல திரும்பினாப் போதும்." அத்தான் எழுந்து நின்றார். பேசத் தெரியவில்லை. "ஒரு பொம்பளைய எரிச்சுட்டேன்" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. பேருந்து ஓட்டுநர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை போட்டுக்கொண்டார்.

அன்றோடு குடி நின்றது. அக்கா பழையபடி பாத்திரம் கழுவும்போது பாட ஆரம்பித்தாள். அவள் கையில் அடிபட்ட நீலத் தடம் இல்லாமல் நான் பார்த்தது இந்தக் கோடையில்தான். இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு குடிகாரர் குடிகாரராகவே இருந்திருப்பார், அவ்வளவுதான். ஒரு மனிதர் கடவுளிடம் திரும்பியிருக்கிறார். நடுவில் போய், "மன்னிக்கவும், அது உங்கள் பாவம் இல்லை" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

அத்தானுக்குச் சில சமயம் சந்தேகம் வரும். ஜூலையில் ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"மச்சான், எனக்கு அன்னிக்குப் பார்க்குல பெஞ்சுல படுத்திருந்த மாதிரியே இருக்குடா. நாய் ஒண்ணு வந்து காலை நக்குச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு. கடைதான் வரவே மாட்டேங்குது."

"அது வேற நாளா இருக்கும் அத்தான்."

"இருக்குமோ?"

"மனந்திரும்பினவன் தனக்குச் சாக்குத் தேடக் கூடாது. அப்படித் தேடச் சொல்றது சாத்தானோட குரல்."

அவர் க்ளிப்பை வாயில் கவ்விக்கொண்டு தலையாட்டினார். ஊரில் நாயெல்லாம் இனி சாட்சிக்கு வராது என்று எனக்குள் ஒரு நகைச்சுவை தோன்றியது. எழுதி வைக்கிற அளவுக்கு நன்றாக இல்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

எங்கள் சபையில் கடவுளிடம் மட்டும் கேட்டால் போதாது. மனிதருக்குச் செய்த தீங்குக்கு அந்த மனிதரிடமே நேரில் போய், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் மறுபடி போக வேண்டும். மூன்று முறை. அத்தானுக்குத் துணை நான். வேறு யாரை அழைப்பார்? மூப்பர் என்னைத் தனியே நிறுத்தி, "உனக்கும் யாருகிட்டயாவது போக வேண்டியிருக்கா தம்பி?" என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இருக்கிறது என்றேன். பக்கத்து வீட்டுக்குப் போய், இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்தேன்.

தையல்காரர் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். ஜன்னலோரம் தையல் எந்திரம். முதல் முறை போனபோது எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டாம் முறை உட்காரச் சொன்னார். அத்தான் மன்னிப்புக் கேட்டார். தையல்காரர் எந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எப்படி நடந்துச்சு? சொல்லுங்க."

"எனக்கு ஞாபகம் இல்லீங்க. குடிச்சிருந்தேன்."

"உங்களுக்கே ஞாபகம் இல்லாதத நான் எப்படிங்க மன்னிக்கிறது? எதுக்குன்னு மன்னிக்கிறது?"

அத்தான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "நீயாவது ஏதாவது பண்ணேன்டா" என்றாள். பண்ணினேன்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிமேல் அவரை உட்காரவைத்து, மெதுவாக ஞாபகப்படுத்தினேன். மேசைமேல் இருந்தது வெள்ளைச் சீருடைச் சட்டை. காலரில் அப்போதுதான் அடித்த தையல். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டும் என்று தையல்காரர் அவசரப்படுத்திக் கொடுத்தது. இடது கைக்குப் பாதி போட்டாயிற்று. பெட்டியை நிமிர்த்தி வைக்காமல் அப்படியே சட்டைமேல் விட்டாயிற்று. பெட்டியின் பிடிக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. ஷட்டரை இழுத்தபோது கடைசியாகக் கண்ணில் பட்டது அந்தச் சிவப்பு.

"இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"நீங்கதான் அத்தான் சொன்னீங்க. அன்னிக்குக் காலைல, படியில. மறந்துட்டீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். என்னைவிட நன்றாகச் சொன்னார். ஒரு வாரத்தில், சட்டைப் பையில் நீலக் கோடு இருந்தது என்று அவராகவே சேர்த்தார். அப்படி ஒரு கோடு இருந்ததா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

மூன்றாம் முறை போனது இந்த ஞாயிற்றுக்கிழமை. அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். காலரில் தையல் என்றபோது தையல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தச் சட்டைய நான் தம்பிகிட்டதானே கொடுத்தேன்?"

எந்திரத்தின் ஊசியில் நூல் கோத்திருந்தது. அதைப் பார்த்தபடி சொன்னேன். "ஆமாங்க. நான் அத்தான்கிட்டக் கொடுத்துட்டுத்தான் கிளம்பினேன்."

"ஆமா, இவன்தான் கையில கொடுத்தான்" என்றார் அத்தான். அவருக்கு அதுவும் ஞாபகம் வந்துவிட்டது.

தையல்காரர் எந்திரத்தைவிட்டு எழுந்து வந்தார். பிறகு அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுட்டேன். நெஜமாத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு. போலீஸ்ல மின்கசிவுன்னு எழுதி வச்சிருக்காங்க. அவ செத்ததப் பத்தி ஒரு பொய் இருக்கறது எனக்குத் தாங்கல. போய்ச் சொல்லிடுங்க."

சொல்லிவிடுவதாக அத்தான் வாக்குக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விடுமுறை கிடைத்த பையன் மாதிரி இருந்தது.

அக்காவுக்குப் பயம். இன்று மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வச்சிருவாங்கடா. வருஷக்கணக்குல. நீ சொன்னா கேப்பாரு. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு."

"மனந்திரும்பினவரைத் தடுக்கக் கூடாதுக்கா."

"நல்லவராகி அஞ்சு மாசம்தான்டா ஆச்சு. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்."

அந்தக் குழப்பத்தில்தான் அறை மாறிப் போனேன் என்று நினைக்கிறேன்.

நேராகவும் எழுதிவிடுகிறேன்; கடிதத்தில் சுற்றிவளைக்கக் கூடாது என்பார் ஆசிரியர். அன்று மதியத்திலிருந்து அத்தான் கடையிலேயே இல்லை. சட்டையை வாங்கியதும், இஸ்திரி போட்டதும், பெட்டியை அதன்மேல் விட்டுவிட்டுப் பூட்டியதும் நான். இன்னொன்று. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு நினைவுக்கு வந்தது. சந்தேகமாக இல்லை, தெளிவாகவே வந்தது. அங்கிருந்து கடை கண்ணுக்குத் தெரியும். காய்ச்சலோடு படுத்திருந்த தையல்காரரின் மனைவி, வெளிச்சம் வராமல் மாடி ஜன்னலில் தொங்கவிட்டிருந்த போர்வையும் தெரிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பேருந்து வந்துவிட்டது. திரும்பினால் வகுப்புக்குத் தாமதமாகும். கதவைத் திறக்கும்போது எல்லோரும் பார்ப்பார்கள். ஏறிவிட்டேன். அன்று நன்றி தெரிவிக்கும் கடிதம் எழுதச் சொன்னார்கள். என்னுடையதை உரக்கப் படித்துக் காட்டினார்கள்.

பேருந்து நிறுத்தத்தை மட்டும் நான் அத்தானுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சேர்த்தால் தண்டனை கூடும். அந்த அளவுக்கு அவர்மேல் எனக்கு அக்கறை இருக்கிறது.

அவருடைய வாக்குமூலத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை எழுதியதில் அதுதான் சிறந்தது. பிழை இல்லை, மிகை இல்லை. படித்துவிட்டு அத்தான் அழுதார். "இவ்வளவு தெளிவா என்னாலகூடச் சொல்ல முடியாதுடா" என்றார்.

நாளை: விடிந்ததும் அத்தானை எழுப்ப வேண்டும். எழுப்புமுன் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். காலரை முதலில், பிறகு இடது கை. முடிந்ததும் சுவிட்சை அணைத்தோமா என்று நானே இன்னொரு முறை பார்க்க வேண்டும். அத்தானை நம்ப முடியாது, அந்த விஷயத்தில் அவருக்குக் கவனம் போதாது.