மணிமார்பன் மூன்றாம் தடவை பாடியது

அன்று சாயங்காலம் மழை பெய்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. என் மனைவி அமலோற்பவம் குடை எடுத்து வந்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் கொட்டகையின் தகரக் கூரையில் மழை விழுந்திருந்தால் பாட்டு அவ்வளவு துல்லியமாக என் காதுக்கு வந்திருக்காது. பதினெட்டு வருஷத்துக்கு முன் கேட்டதும் அன்று கேட்டதும் சில இடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆகவே, டாக்டர் அவர்களே, நான் எழுதுவதில் சின்னப் பிழைகள் இருக்கலாம். பெரிய விஷயங்களில் பிழை இருக்காது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. நடிகர் சதாசிவத்தை ஜொகூர் பாருவில் உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதிய கடிதம் சனிக்கிழமை காலை உங்கள் கைக்கு வந்தது. அதில் அடுத்த திங்கட்கிழமைத் தேதி இருந்தது. சனிக்கிழமை இரவே அவர் மேடையில் இறந்துபோனார். தேதி கைத்தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

கைத்தவறு இல்லை. திங்கட்கிழமை அவருக்கு ஒரு கட்டில் தயாராக இருக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பினேன். நாடகம் சனிக்கிழமை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தம்போய்க்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸர், மருந்து கட்டுகிறவன். மாதத்துக்கு ஒரு நாள் வெள்ளைக்கார டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பன்னிரண்டு கட்டிலுக்கும் நான்தான் டாக்டர். குடிப்பதில்லை. சீட்டாடுவதில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான், நாடகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில், ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து கலக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போது ஊரிலிருந்து வந்த ஒரு கம்பெனி ‘மணிமார்பன் சரித்திரம்’ போட்டது. ராஜபார்ட் சதாசிவம். கடைசிக் காட்சியில், காலையில் வெட்டப்படப் போகிற மணிமார்பன் சிறையில் நின்று, பொழுது விடிய வேண்டாம் என்று பாடுவான். உச்சமான ஐந்து கட்டைச் சுருதி. ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள், பாடினார். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் பாடினார். முதல் தடவை பாடியவர் ஒரு நல்ல வித்வான். இரண்டாம் தடவை பாடியவன் ஒரு ராஜா. மூன்றாம் தடவை குரல் களைத்து, அதன் மேல்தோல் உரிந்துபோய், உள்ளே இருந்தது வெளியே வந்தது. அது என்ன என்று எனக்கு அன்றும் சொல்லத் தெரியவில்லை. மறுபடி ஒரு முறை கேட்டால் தெரிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. அந்த எண்ணத்தோடு பதினெட்டு வருஷம் இருந்தேன்.

படங்கள் பேசத் தொடங்கியபின் கம்பெனி கலைந்தது. சதாசிவம் இங்கேயே தங்கி, ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். ஒரு நாள் வேட்டி வாங்கப் போனபோது, துணி அளந்துகொண்டே மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று கண்டுகொண்டேன். பழைய நாடகத்தைத் திரும்ப மேடையேற்றலாம் என்று முதலில் சொன்னது நான்.

“யாரு வருவா டிரஸரே?” என்றார். “படத்துல ராஜா நெஜக் குதிரையில வர்றான். நான் தகரக் கிரீடத்தோட நின்னா சிரிக்க மாட்டாங்களா?”

“நான் வருவேன்,” என்றேன்.

எட்டு மாதம் அலைந்து ஆட்களைச் சேர்த்தேன். பழைய ஆர்மோனியக்காரர் அர்ச்சுனனைப் பத்துப் பஹாட்டில் தேடிப் பிடித்தேன். ஒத்திகைகள் நடந்தன. நாடகத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, மூச்சு முட்டுகிறது என்று சதாசிவம் மனைவி தனலெட்சுமியோடு என்னிடம் வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். வலப்பக்கக் காறை எலும்புக்கு மேலே எலுமிச்சங்காய் அளவு வீக்கம். விரலை வைத்தேன். அது துடித்தது.

அது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குச் சொன்னேன். “பழைய சைக்கிள் டியூப்ல ஒரு இடம் மட்டும் மெலிஞ்சு உப்பிக்கும், பாத்திருப்பீங்க. நெஞ்சுலேருந்து மேல போற பெரிய ரத்தக் குழாய் உங்களுக்கு அப்படி ஆகியிருக்கு.”

“ஒட்டுப் போட முடியாதா?”

“முடியாது.”

“அப்ப காத்தைக் கொறைச்சுக்க வேண்டியதுதான்,” என்று சிரித்தார்.

தனலெட்சுமி சிரிக்கவில்லை. “இந்தக் கூத்தே வேணாம்னு சொல்லிடுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாரு.”

சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். அன்றே உங்களிடம் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீங்கள் பாடக்கூடாது என்று சொல்லியிருப்பீர்கள். ஆகவே நான் இரண்டு நிபந்தனை போட்டேன். மூன்று கட்டைக்கு மேல் போகக்கூடாது. ஒரு தடவைக்கு மேல் பாடக்கூடாது. கேட்பவர்களுக்கு அது நியாயமாகவே தோன்றியது. எனக்கும் அப்படித்தான்.

“முதலாவது சரி,” என்றார் சதாசிவம். “ரெண்டாவது என் கையில இல்லையே. ஜனங்க ஒன்ஸ்மோர்னு கத்தினா காது கேக்காத மாதிரி நிக்கறதா? கால் தானா முன்னுக்கு வந்துரும். ஒண்ணு செய்யலாம். நீங்க முன் வரிசையில உக்காருங்க. ஆயிரம் பேரு கத்தட்டும், உங்க குரல் கேட்டாத்தான் திரும்பப் பாடுவேன். நீங்க சும்மா இருந்தா யாருமே கேக்கலைன்னு வச்சுக்கறேன்.”

“சத்தியமா?” என்றார் தனலெட்சுமி.

“மேடை மேல சத்தியம், போதுமா? இனிமே நான் டிரஸர் வீட்டுக் கிளி.”

அமலோற்பவம் கைகழுவத் தண்ணீர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. அறுநூறு பேர் இருக்கும். எனக்கு நடு நாற்காலி. பெண்கள் பக்கத்தில் அமலோற்பவம். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு தனலெட்சுமி நிற்பது எனக்குத் தெரிந்தது. சதாசிவம் நன்றாகவே செய்தார். வசனத்தில் மூச்சை எங்கே விட வேண்டும், எங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தார்.

சிறைக் காட்சி வந்தது. மூன்று கட்டையில் பாடினார். பிழை ஒன்றும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

வழக்கப்படி ஒன்ஸ்மோர் எழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்தேன். அவர் சபையைப் பார்த்துக் கைகூப்பினார். சத்தம் மெல்ல அடங்கியது. எனக்குப் பின்னால் ஒருவன், “ராஜாவுக்கு வயசாயிருச்சு, விடுங்க லா. இதுக்குப் படத்துக்கே போயிருக்கலாம்,” என்றான். சிலர் சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது. கொட்டகையில் ஒரு மௌனம். அது எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. எனக்கு நீண்ட நேரமாகப் பட்டது. அவர் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தார்.

நான் “ஒன்ஸ்மோர்” என்றேன். உரக்கக்கூட இல்லை.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? தனக்கு உடம்பு தேறிவிட்டது என்று நான் எல்லார் முன்னாலும் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். ஓரத்தில் இருந்த தனலெட்சுமி செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சதாசிவம் அர்ச்சுனன் பக்கம் திரும்பி, “நாலரை வையிப்பா,” என்றார்.

இரண்டாம் தடவை பாடியது பழைய ராஜாதான். சபை எழுந்துவிட்டது. முடிந்ததும் அவர் சிறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலமாக இருந்தது. கழுத்தில் கிடந்த பாசிமணி மாலை அந்த வீக்கத்தின்மேல் பட்டுப் பட்டு எழுந்தது. என் பழக்கம், கடிகாரத்தை எடுத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. குறித்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்த எண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுபடியும் கூச்சல். அவர் என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார். மற்றவர்களுக்கு அது மணிமார்பன் விடைபெறுவதாகத் தெரிந்திருக்கும். அறுநூறு பேரில் அது புரிந்தது எனக்கு ஒருவனுக்குத்தான்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். “ஒன்ஸ்மோர்” என்று இந்தத் தடவை உரக்கவே சொன்னேன்.

அவர் திரைப்பக்கம் திரும்பினார். தனலெட்சுமி சொன்னது எனக்கே கேட்டது. “டாக்டரய்யா எந்திரிச்சு நின்னே கேக்கறாரு. தைரியமாப் பாடுங்க. ஒண்ணும் ஆகாது.”

“அஞ்சு,” என்றார் அவர், அர்ச்சுனனிடம்.

மூன்றாம் தடவையைப் பற்றி எழுத எனக்குத் திறமை போதாது. பல்லவி முடிந்தது. அனுபல்லவியில் அவர் மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்றார். உள்ளே இருப்பது வெளியே வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அங்கே பாட்டு நின்றுவிட்டது. அவர் கம்பியைப் பிடித்தபடியே சறுக்கி உட்கார்ந்தார். வாயிலிருந்து வந்ததை ஜனங்கள் வெற்றிலைச் சாறு என்றோ வேஷச் சாயம் என்றோ நினைத்திருப்பார்கள். கைதட்டினார்கள். அர்ச்சுனன் கொஞ்ச நேரம் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நானும் உட்கார்ந்தே இருந்தேன். ஓடியிருந்தாலும் பயன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்காக உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவேளை அவர் அந்த அடியை முடிப்பாரோ என்று காத்திருந்தேன். பிறகு மேடையேறி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றேன். எனக்கு அப்போது இருந்தது துக்கம் இல்லை. பாதி அடியில் விட்டுவிட்டாரே என்ற எரிச்சல்.

வீட்டுக்கு வந்து அமலோற்பவம் விளக்கை ஏற்றிவிட்டுத்தான் கேட்டாள்.

“மொத மொதல்ல கத்தினது நீங்கதானே?”

“கூட்டமே கத்திச்சே.”

“கூட்டம் அடங்கிப் போச்சு. அப்புறம் ஒரு குரல் வந்துச்சு. இருபது வருஷமா சோறு கேக்கற குரல், எனக்குத் தெரியாதா?”

“நாடித் துடிப்பு நல்லாத்தான் இருந்துச்சு, அமலா. கணக்குத் தப்பிப் போச்சு.”

“அந்தப் பொண்ணு உங்களைக் கும்பிட்டுச்சுங்க,” என்றாள். அதற்கு மேல் அவள் என்னிடம் பேசியதாக நினைவில்லை.

கணக்குத் தப்பியது என்றே தோட்ட மானேஜரிடமும் சொன்னேன், கணக்கு எழுதும் கிராணியிடமும் சொன்னேன். நம்பினார்கள். நீங்கள் படித்தவர், உங்களிடம் அப்படிச் சொல்வது மரியாதை இல்லை. முதல் தடவை ஒன்ஸ்மோர் கேட்டபோது அந்தக் குழாய் வெடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் தடவை கேட்டபோது வெடிக்கும் என்று தெரியும். துணி அளந்துகொண்டே ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருந்து சாவதைவிட, அவரே இதைத்தான் விரும்பியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். தலையை அசைத்தது சதாசிவம். மணிமார்பன் அசைத்திருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவரை எரித்தார்கள். தனலெட்சுமி இரண்டு வாரம் கழித்துச் சிங்கப்பூரில் கப்பலேறி நாகப்பட்டினம் போனார். போகுமுன் ஆஸ்பத்திரிக்கு வந்து, கடைசிவரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டீர்கள் என்று என் காலைத் தொட்டார். அர்ச்சுனன் பத்துப் பஹாட்டுக்கே திரும்பிவிட்டார். இப்போது வாசிப்பதில்லை என்று கேள்வி. அமலோற்பவம் மூவாரில் தங்கை வீட்டில் இருக்கிறாள். என் கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. நான் அதே தோட்டத்தில் டிரஸராக இருக்கிறேன். காலையில் நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.