கழுத்துக்கு முப்பத்திரண்டு துண்டு

காகிதம் வாங்கும்போது ஓரத்தை மடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்காரர்களுக்கு அது பிடிக்காது. மடிப்பு நின்றால் நல்ல காகிதம், நிமிர்ந்துகொண்டால் குப்பை. இப்போது வருவதெல்லாம் குப்பைதான், ஐயா.

உங்கள் மேஜையில் நிற்கும் இந்தப் பூம்பூம் மாட்டைச் செய்ய எனக்குப் பதினாலு மாதம் ஆனது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் துண்டுகள். ஒவ்வொன்றையும் முக்கோணமாக மடித்து, ஒன்றின் முனையை இன்னொன்றின் மடிப்புக்குள் செருகியிருக்கிறேன். பசை கிடையாது. பசை போட்டால் கழுத்து அசையாது. உடம்பும் கொம்பும் ஒரே மாதத்தில் முடிந்துவிட்டன. கழுத்துதான் என் உயிரை வாங்கியது. தளர்த்தினால் தலை தொங்கும், இறுக்கினால் விறைக்கும். ஒன்பது கழுத்து செய்து ஒன்பதையும் பிய்த்தெறிந்தேன். ஒருநாள் ஆத்திரத்தில் அழுதும்விட்டேன். என் மனைவி பிரகதீஸ்வரி, "மாடு தலையாட்டுனா ஒங்களுக்கு புரமோஷனா குடுக்கப் போறாங்க? எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க" என்றாள். அவளுக்கு எங்கே புரியப் போகிறது.

நான் வேலை பார்ப்பது அரசு அலுவலகத்தின் பதிவறையில். பழைய கோப்புகள் என் பொறுப்பு. அந்தக் காலத்துக் காகிதம் துணி மாதிரி இருக்கும். மடித்தால் மடித்தபடி நிற்கும். அழிக்கச் சொன்ன கோப்புகளைத்தான் முதலில் எடுத்தேன். எல்லாம் பூச்சி அரித்தவை. அப்புறம்தான் 1964ஆம் வருஷத்துக் கோப்பு ஒன்றில் நாலு தாள் கண்ணில் பட்டது. கட்டுமாவடியில் ஒரு குடும்பத்துக்கு வீட்டுமனை ஒதுக்கிய உத்தரவு. அறுபது வருஷமாக யாரும் கேட்காதது. தாளுக்கு எட்டாக வெட்டினேன். கழுத்துக்கு வேண்டியதும் சரியாக முப்பத்திரண்டு துண்டுதான். அன்றைக்கு மாடு தலையாட்டியது.

மூன்றே வாரத்தில் ஹவ்வா உம்மாள் என்ற அம்மா வந்து நின்றார். அவருடைய மாமனாருக்கு ஒதுக்கிய மனை அது. பக்கத்து இறால் பண்ணைக்காரர், இடம் தன்னுடையது என்று வழக்குப் போட்டிருந்தார். அம்மாவிடம் இருந்த நகல் கஜா புயலிலேயே போய்விட்டது.

"தேடிக்கிட்டு இருக்கோம்மா. அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

ஏழு தடவை வந்தார், இரண்டு பஸ் மாறி. ஒருதடவைகூட நான் முகம் சுளித்ததில்லை. நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். ஏழாவது தடவை, கண்காட்சிக்குக் கொண்டுபோக மேஜையில் வைத்திருந்த மாட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க காயிதம் கெடைக்குமாடா?" என்று அதன் நெற்றியில் விரல் வைத்தார். அது தலையாட்டியது.

"பாத்தீங்களா தம்பி, மாடே சொல்லிருச்சு. நீங்கதான் அடுத்த வாரம், அடுத்த வாரம்கிறீங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. விரல் பட்டு மூன்றாவது வரிசை லேசாக விலகியிருந்தது.

பிரித்து ஒட்டிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன, மை மங்கவில்லை, முத்திரை தொண்டைக்கு அடியில் முழுசாக இருக்கிறது. ஒரு மணி நேர வேலை. ஆனால் தீர்ப்புக்கு அடுத்த வாரம் கண்காட்சி. கோப்பில் தாள்கள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கண்காட்சியில் ஆறுதல் பரிசுதான் கொடுத்தார்கள். மடிப்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத ஆட்கள். அந்த அம்மா வழக்கில் தோற்றார். கண்காட்சிக்குப் பிறகும் மூன்று மாதம் அந்த வீடு நின்றது, உண்மைதான். நான் மாட்டை மாநிலப் போட்டிக்கு அனுப்புவதற்காக வைத்திருந்தேன்.

இடிக்க வந்த அன்று அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். பின்பக்கம் இயந்திரத்தில் இருந்தவருக்கு அது தெரியாது. சுவரைத் தள்ளியது நான் இல்லையே, ஐயா.

சாட்சிப் பொருள் என்று நீங்கள் இதைப் பிரிக்கத்தான் போகிறீர்கள். பிரியுங்கள். கழுத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அந்த மாதிரிக் காகிதம் இனிக் கிடைக்காது.