கொஞ்சமா சீக்கு இருக்கற ஆளு

இல்ல தங்கச்சி, ஒட்ட வரல. கிழிக்கத்தான் வந்திருக்கேன். ஆமா, போன வாரம் ஒட்டுனதும் நான்தான், இப்ப கிழிக்கறதும் நான்தான். சிரிச்சுக்கோ, சிரிப்பா சிரிக்கிற பொழப்புதான் இது. நீ பாட்டுக்கு மிஷினை ஓட்டு, ஜாக்கெட்டு ஏதோ அவசரம் போலருக்கு. இந்த வாளியில கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்து. நல்லா நனைச்சாத்தான் சுவரு பேராம உரிஞ்சு வரும்.

எதுக்கா? நாளைக்கு எங்க எம்.எல்.ஏ. ஐயா உன் வீட்டுக்கு வர்றாருல்ல, அதுக்குத்தான். இந்தத் தெருவுல மட்டும் பதினோரு போஸ்டர், ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு கட்சிச் செயலாளர் உத்தரவு. அடுத்த தெருவுல இருக்கலாமாம். படிச்சுப் பாரேன், என்ன போட்டிருக்கு? ஐயாவின் அயராத முயற்சியால், படுக்கை இல்லையென்று ஒருவரும் திரும்பிப் போகாத மருத்துவமனை. ம். நாளைக்குச் சாயங்காலம் அதே ஐயா உன் வாசல்ல நின்னு என்ன பேசப்போறாரு? ஒரு படுக்கை குடுக்காம இந்தப் பெரியவரை வராந்தாவுல சாகவிட்டுட்டாங்களே படுபாவிங்கன்னு, மேல ஆட்சியில இருக்கற கட்சியைத் திட்டி அழப்போறாரு. பின்னாடி சுவத்துல இது இருந்தா போட்டோவுல நல்லாவா இருக்கும், நீயே சொல்லு.

அழுவாரு, நல்லாவே அழுவாரு. பதினெட்டு வருஷமா கூடச் சுத்தறேன், எனக்குத் தெரியாதா? கண்ணாடியைக் கழட்டிக் கையில பிடிச்சாருன்னா அடுத்த நிமிஷம் பொலபொலன்னு வரும். கீழ நிக்கற நாங்க உச்சுக் கொட்டணும். குடியை ஒழிப்பேன்னு பேசுனாரே ஒரு கூட்டம், ஞாபகம் இருக்கா? அதுக்கு வந்த கூட்டத்துக்கு மேடைக்குப் பின்னாடி ஊத்திக் குடுத்தவனே நான்தான். இந்த ஆஸ்பத்திரியை அப்படி இப்படிங்கறாரு, அவருக்கு லேசா முட்டி வலிச்சதுக்கு எங்க போனாரு? ஏசி போட்ட தனியார் ஆஸ்பத்திரிக்கு. பழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன், ராஜா மாதிரி சாஞ்சுக்கிட்டு டிவி பாத்துட்டு இருந்தாரு.

ஆமா, உன்னையும் மேடையில நிக்கச் சொன்னாங்களாமே? சரின்னுட்டியா?

இல்லம்மா, தப்பு சொல்லல. அப்பாவுக்காகப் பேச ஒருத்தராவது வர்றாரேன்னு தோணும். யாருக்கா இருந்தாலும் தோணும். ஆனா நீ ஏறுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் உனக்குத் தெரிஞ்சாகணும். அதைச் சொல்லாமப் போனா எனக்குச் சோறு இறங்காது. பதினஞ்சு நாளா இறங்கத்தான் இல்ல.

அன்னைக்கு அவசர கேஸ் எதுவும் வரல தங்கச்சி. உன்கிட்ட அப்படித்தானே சொன்னாங்க? யாரோ அடிபட்டு வந்தாங்க, வேற படுக்கை இல்ல, அப்பாவை வராந்தாவுக்கு மாத்திட்டோம்னு? அப்படிச் சொல்லச் சொன்னதே எங்க செயலாளர்தான். நீ காலையில விட்டுட்டுப் போனியே, ஜன்னலோரம் மூணாவது கட்டிலு, அது வேற யாருக்கும் தேவைப்படவே இல்ல. ஐயா வார்டைப் பாக்க வர்றாருன்னு எங்க ஆளுங்க முன்னாடியே போயிட்டாங்க. வெளிச்சம் அந்தக் கட்டில்லதான் நல்லா விழுதுன்னான் போட்டோக்காரன். உங்கப்பாவை உத்து உத்துப் பாத்துட்டுத் தள்ளி வந்தான். இவரு மூஞ்சியில சீக்கு ரொம்பத் தெரியுது சார், பாக்கறவங்க பயந்துடுவாங்க, கொஞ்சமா சீக்கு இருக்கற ஆளா போடுங்கன்னான். நர்ஸம்மா தலையா அடிச்சுக்கிச்சு, இவருக்கு மூச்சுத் திணறுது, ஆக்ஸிஜன் குழாய் இந்தச் சுவத்துலதான் இருக்கு, வராந்தாவுல கிடையாதுன்னு. பத்தே நிமிஷம்மான்னாரு செயலாளர். ஐயா வந்து சேந்தது மூணு மணி நேரம் கழிச்சு. வழியில ஏதோ கல்யாண வீட்டுக்குப் போயிட்டாரு.

கொஞ்சமா சீக்கு இருக்கற ஆளுன்னா எங்க கட்சியில தேடவா வேணும்? பதினெட்டு வருஷமா பசை வாளி தூக்குனவன் கன்னம் வேற எப்படி இருக்கும்? தாடியை மழிச்சு, தலையில ஒரு கட்டைப் போட்டு விட்டாங்க. இதோ, இந்த ஒண்ணை மட்டும் முழுசா உரிச்சு வச்சிருக்கேன். ஐயா கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரே, அந்த நோயாளியைப் பாரு. இப்ப என்னைப் பாரு.

ஆமா.

இரு தங்கச்சி, எந்திரிக்காத. திட்டு, காறித் துப்பு, அந்தக் கத்தரிக்கோலை எடுத்துக் குத்துனாலும் சரி. ஆனா மிச்சத்தையும் கேட்டுடு. ஊரு பூரா என் மூஞ்சிக்கு நானே பசை தடவி ஒட்டுனேன், வாயைத் திறக்கல. என் பொண்ணுக்கு வேலை போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, அதான். வெக்கமாத்தான் இருக்கு. நாளைக்கு நீ நில்லு, நிக்காமப் போ, உன் இஷ்டம். யாரு சொன்னான்னு கேட்டா என்னைக் காட்டு. நான் கூட்டத்துலதான் நிப்பேன். மைக்கைக் குடுத்தா அதுலயும் சொல்லிடறேன். அந்த வேலை போனா போகுது.

அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரான்னு வார்டுல எல்லார்கிட்டயும் கேட்டியாமே, நர்ஸம்மா சொல்லிச்சு. அங்க யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். ஒரு அடிபட்ட கேஸ், பாவம், கொஞ்சம் எடம் குடுங்கன்னுதான் அவர்கிட்டயும் சொன்னாங்க. கட்டோட நின்ன என்னைப் பாத்தாரு, நிஜம்னு நம்பிட்டாரு. யாரும் அவரைத் தூக்கல தங்கச்சி. அவரே குழாயைக் கழட்டினாரு, அவரே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எறங்கினாரு. நான் படுத்ததும் அவரு போர்வையை எடுத்து என் காலுக்குப் போத்திவிட்டாரு. மூச்சு வாங்க வாங்க, நீ தூங்குப்பா, நான் வெளிய காத்தாட உக்காந்துக்கறேன்னாரு.

தூங்கிட்டேன் தங்கச்சி. நல்லாத் தூங்கிட்டேன். ஐயா வந்துட்டாருன்னு தட்டித்தான் எழுப்புனாங்க.