வலியின் வாசலறிந்த மயக்கவியல் மருத்துவர் அம்மையார்க்கு

மயக்கம் தந்து மானுடம் காத்த மாண்பே! துயிலும் உயிர்க்குத் துணையாய்த் தலைமாட்டில் நின்ற தாயே! மயக்கவியல் துறையின் தனிப்பெரும் தலைவியே! பணிநிறைவு பெறும் தங்களை அறுவை அரங்கத்தாரும் வலிநீக்கப் பிரிவினரும் வணங்கி மகிழ்கிறோம்!

தங்கள் திறமெல்லாம் எழுதப் புகுந்தால் இந்தக் கண்ணாடிச் சட்டம் கொள்ளாது. ஆதலால், எங்களை வாயடைத்து நிற்கவைத்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறோம்.

அவர் ஒரு தையற்காரப் பெண்மணி. தலைப்பிரசவத்தில் வயிற்றைக் கீறித்தான் மகனை எடுத்தார்கள். தழும்பு ஆறியது, வலி ஆறவில்லை. தழும்பின் வலது முனையில் தொடங்கி, தொடையிடுக்கு வழியே உள்தொடைவரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தாற்போல் ஓடியது. தையல் மிதியை அழுத்தினாலும் வலி, மகனை இடுப்பில் ஏற்றினாலும் வலி. ஸ்கேன் படங்களிலோ ஒரு குறையும் இல்லை. குடல் என்றார் ஒருவர். மனம் என்றார் மற்றொருவர். வேலைக்குக் கள்ளம் என்று நாத்தனார் சொன்னது காதில் விழுந்தபோது, அவருக்கே தன்மேல் ஐயம் வந்துவிட்டது. முடிவில், கருப்பையை எடுத்தால் தீரும் என்றார்கள். இன்னொரு பிள்ளைக்கு ஏங்கியிருந்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

அறுவைக்கு முந்தைய மாலை, மயக்கம் தாங்குவாரா என்று பார்க்கத் தாங்கள் வந்தீர்கள். நெஞ்சையும் மூச்சையும் சோதித்தால் தங்கள் கடமை முடிந்தது. ஆனால் அவர் முழங்காலை மடக்கியே படுத்திருந்தது தங்களை நிறுத்தியது. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டச் சொன்னீர்கள். விரல் தயங்காமல் ஓரிடத்தில் போய் நின்றது. அங்கே தாங்கள் அழுத்திக்கொண்டு, தலையைத் தூக்கச் சொன்னீர்கள். வயிற்றுத் தசை இறுகியது, அவர் துடித்துப்போனார். வலி உள்ளே இருந்தால் இறுகிய தசை கேடயமாகி அதைக் குறைக்கும், கூடினால் வலி வயிற்றுச் சுவரிலேயே இருக்கிறது என்று பிறகு எங்களுக்கு விளக்கினீர்கள்.

"இது கர்ப்பப்பை இல்லம்மா. தழும்புல ஒரு நரம்பு மாட்டிக்கிட்டிருக்கு."

அவர் நம்பவில்லை. எத்தனை பேர் எத்தனை சொல்லிவிட்டார்கள்! ஸ்கேன் கருவியால் நரம்பின் தடம் தேடி, தசையடுக்குகளின் இடையே மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்தினீர்கள். சற்றைக்கெல்லாம் அவர் கட்டிலைவிட்டு இறங்கினார். நிமிர்ந்து நின்றார். சன்னல்வரை போய்த் திரும்பினார், மறுபடியும் போனார். பிறகு கணவரைப் பார்த்து, "அப்ப நான் பொய் சொல்லல," என்றார்.

கருப்பையை எடுக்கவிருந்த மூத்த அறுவை மருத்துவருக்கோ மனம் ஒப்பவில்லை. ஊசியின் வீரியம் தணிந்தால் வலி திரும்புமே என்றார்.

"திரும்பும் சார். ஆனா அது எங்க இருக்குன்னு இப்பத் தெரியும். வலி இல்லாத எடத்த வெட்டறதுக்கு நான் மயக்கம் குடுக்க மாட்டேன்."

குரல் உயரவில்லை, ஆனால் மறுநாள் அந்த அறுவை நடக்கவில்லை.

வலி திரும்பத்தான் செய்தது. ஊசிகள் தொடர்ந்தன, ஒவ்வொன்றும் சில வாரம் தாக்குப்பிடித்தது, அவ்வளவே. இறுதியில் அதே அறுவை மருத்துவர் தழும்பைத் திறந்தார். பழைய தையல் ஒன்றில் சிக்கி முடிச்சிட்டுத் தடித்துக் கிடந்தது அந்த நரம்பு! மெல்ல நிமிர்ந்து தங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து அதை வெட்டி எடுத்தார். தொடையில் ஒரு திட்டு உணர்விழக்கும் என்று தாங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள், அப்படியே ஆயிற்று. அது கிடக்கட்டும் என்றார் அந்தப் பெண். தையல் மிதி மீண்டும் ஓடியது.

அகற்றவிருந்த அந்தக் கருப்பையில், அதன்பின் ஒரு மகள் வளர்ந்தாள். வயிற்றைக் கீறி அவளை எடுத்த அன்றும் தாயின் தலைமாட்டில் தாங்களே நின்றீர்கள். வீறிட்ட குழந்தையைத் துடைத்துத் தாயிடம் நீட்டினார் செவிலியர். தாய் இப்போது வேண்டாமெனத் தலையை அசைத்தார்.

"மொதல்ல டாக்டரம்மாகிட்ட காட்டுங்க."

வலியென்று வந்தவரின் சொல்லையே முதற் சான்றாய் மதித்த பெருந்தகையே! இனித் தங்கள் இரவுகள் எவர் அழைப்பாலும் கலையாதிருக்க! உடல் நலமும் உள்ளக் களிப்பும் ஓங்க, நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து நடப்பீராக!

வியப்பு நீங்காத நெஞ்சங்களுடன்,
மூத்த அறுவை மருத்துவர்,
செவிலியர், அரங்க உதவியாளர்,
வலிநீக்கப் பிரிவினர்