சூளையில் மூன்று நாள்

டிராலி ரோட்டில் நடக்கிறவன் கல்லை ஒன்று விட்டு ஒன்று மிதிக்க வேண்டும். ஒவ்வொன்றாக மிதித்தால் காலடி குறுகி முழங்கால் வலிக்கும். சென்னிமலைக்கு இந்த நாற்பத்தைந்து வயதிலும் அது பிடிபடவில்லை. அன்றைக்கும் ஒவ்வொரு கல்லாகத்தான் மிதித்து வந்தான். அவனுக்காக நான் இரண்டு இடத்தில் நின்று காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

உங்களுக்கு ஊர் புதிது, அதனால் சொல்கிறேன். சேலத்துக்கு வடக்கே அந்தக் கரட்டுக் குன்றில் ஒரு துரை கம்பெனி வைத்து வெள்ளைக்கல் வெட்டினார். கல்லைச் சுட மூன்று சூளை, சுட்டதை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போக நான்கு மைல் டிராலி ரோடு. கரையானுக்குப் பயந்து, தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டைக்குப் பதிலாகக் கல் பலகை போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டாம் வருஷம் கம்பெனியை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல் பலகைகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

நானும் சென்னிமலையும் ஒரே டிராலியில் பத்து வருஷம் தள்ளியவர்கள். இறக்கத்தில் பிரேக் கட்டையைப் பிடிப்பது அவன். அவன் கை தவறினால் முதலில் சாகிறவன் நான். உறவு கிடையாது. ஆனாலும் சின்ன வயதிலிருந்து மாப்பிள்ளை என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம்.

முப்பதில் கூலியைக் குறைத்தார்கள். வேலையை நிறுத்துவது என்று ஐந்து பேர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசினோம். மறுநாள் காலையில் துரையிடம் ஒரே ஒரு பெயர் போயிருந்தது, அர்த்தநாரி என்று. என்னை வெளியே தள்ளியதோடு விடவில்லை. என் கைரேகையை எடுத்து அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மேட்டூர், ஜேடர்பாளையம் என்று குடும்பத்தோடு அலைந்தேன். அந்த அலைச்சலில் என் மகள் ராசாத்தி பேதி கண்டு போய்விட்டாள். ஆறு வயது.

சென்னிமலை சேலத்திலிருந்து நடந்தே சாவுக்கு வந்தான். என்னைவிட அதிகமாக அழுதான். எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அப்போதுதான். மடியில் கனமில்லாதவன் அடுத்தவன் பிள்ளைக்கு அவ்வளவு அழ மாட்டான்.

துரை செய்தது எனக்கு வலிக்கவில்லை, ஐயா. துரை துரைதான். என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து வருஷம் கூட வந்தவன் காட்டிக்கொடுத்ததுதான் சோற்றை இறங்கவிடவில்லை. கம்பெனி மூடுகிற வரைக்கும் அவன் வேலையில் இருந்தான். மற்ற மூவரை ஏன் சந்தேகப்படவில்லை என்று கேட்டீர்கள். இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவன் கண்டிச் சீமைக்குப் போய்விட்டான். கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தவன் சென்னிமலைதான்.

இந்த வருஷம் சீமையில் நடக்கிற சண்டையால் இரும்புக்குக் கிராக்கி. நடுச் சூளையின் அடியில் கம்பிகள் கிடக்கின்றன, எடுத்து வரலாம் என்று பங்குனியில் அவனைப் போய்க் கூப்பிட்டேன். பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவன் வந்து கூப்பிடுகிறேன், ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை. அவன் மனைவி கந்தம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கம்பஞ்சோறு கட்டிக் கொடுத்தாள். பாதி வழியில் ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊறுகாயை என் பக்கம் தள்ளிவிட்டு அவன் சொன்னான்:

"இரும்பு கெடைக்குதோ இல்லையோ, நீ வந்து கூப்பிட்டதே போதும் மாப்ள. நீ பேசாம இருந்தது எனக்கு ஆறவே இல்ல."

சூளை கிணறு மாதிரி இருபதடி ஆழம். உள்சுவர் வழவழவென்று செங்கல். அடியில் சுட்ட கல்லை வாரும் வாயைக் கம்பெனிக்காரர்கள் போகும்போதே கட்டி அடைத்துவிட்டார்கள். எனக்கு இடுப்பு வலி உண்டென்று அவனுக்குத் தெரியும், அதனால் தானே கயிற்றைப் பிடித்து இறங்குகிறேன் என்றான். நான் இறங்கச் சொல்லவே இல்லை. அவன் கால் தரையில் பட்டதும் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

துரையிடம் சொன்னது நீதானே என்று கேட்டேன்.

"நானில்ல மாப்ள. ராசாத்தி மேல சத்தியமா நானில்ல."

என் மகள் பெயரை அவன் வாயில் எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். மேட்டூரில் வேலை என்று ஒரு மேஸ்திரி அவனை வழியிலேயே அழைத்துப் போய்விட்டதாகக் கந்தம்மாளிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

நான் ஈவிரக்கமில்லாதவன் அல்ல. இரண்டாம் நாள் ஒரு சொம்பு தண்ணீர் கட்டி இறக்கினேன். குடித்துவிட்டு மறுபடியும் நானில்லை என்றான். உண்மையைச் சொன்னால் ஏற்றிவிடுகிறேன் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன். அதற்கும் நானில்லை என்றான். தண்ணீர் உள்ளே போனால் பொய்யும் தெம்பாக வருகிறது. ஆகவே மூன்றாம் நாள் சொம்பை இறக்காமல், அவன் பார்வைக்குப் படுகிற மாதிரி விளிம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சி வெயில் சாய்ந்த பிறகு அவனே பேசினான். குரல் மிகவும் கம்மியிருந்தது.

"ஆமா மாப்ள. நான்தான் சொன்னேன். நான்தான். கயித்தை உடு."

பதினொரு வருஷத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசானது. தன் வாயால் ஒப்புக்கொண்ட துரோகியை எப்படி மேலே ஏற்றுவது, நீங்களே சொல்லுங்கள். தண்ணீரை நான் குடித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஒன்பதாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்தார்கள். நான்தான் கொன்றேன், அதில் உங்களுக்குச் சிரமம் வைக்க மாட்டேன்.

மூன்று நாள் தாகத்தில் கிடக்கிறவன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பானே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அவன் வாயை மட்டும் நம்பி நான் இறங்கவில்லை. மாசி மாதத்திலேயே எங்கள் கருப்பனார் கோயிலில் பூக்கேட்டுவிட்டேன். வெள்ளரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் வைத்து, கேட்கிறவனே பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைப்பான். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். சிவப்பு வந்தால் சென்னிமலை, வெள்ளை வந்தால் அவன் இல்லை என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை வெள்ளை வந்தது. பூசாரி, "நல்லதுங்க, கவலைய உட்டுட்டுப் போங்க" என்றார். நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். அப்போதும் வெள்ளைதான்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை இரண்டு இலையிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார், பிரித்தேன். சிவப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, ஐயா.