இருபதுக்குப் பதினொன்று

"இந்தத் தாளுக்கு அந்தப் பக்கம் என்ன சார் எழுதியிருக்கு?" என்று பூரணி என்னிடம் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. "இங்கிலீசு" என்று சொன்னேன். அது உண்மைதான். பொய் சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமில்லை.

கணேசமூர்த்தி தம்பி, சங்கத்து அலமாரியைத் துப்புரவு செய்தபோது பழைய மதிப்பெண் புத்தகத்தையும் அதற்கடியில் ஒரு கட்டு விண்ணப்பங்களையும் கண்டதாகச் சொன்னீர்கள். பொதுக்கூட்டத்துக்கு முன்பு விளக்கம் எழுதித் தரும்படி கேட்டீர்கள். கேட்ட விதம் மரியாதையாக இருந்தது. புதிய செயலாளர் இப்படி இருப்பது சங்கத்துக்கு நல்லது. அதனால் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

நானுஓயாவில் நம் சங்கத்தை நாற்பத்தொன்பதில் தொடங்கினோம். நூர்தீன் முதலாளி தலைவர். அவருடைய துணிக்கடையின் பின்னறைதான் காரியாலயம். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரான நான் செயலாளர். பால்மா கொடுத்தோம், மூக்குக் கண்ணாடி கொடுத்தோம், மலைப்பாதைக்குக் கல் அடுக்கினோம். தைப்பொங்கலுக்கு முந்தின ஞாயிறன்று லயங்களுக்குப் போய், ஒட்டி ஒட்டி நிற்கும் அந்த ஒற்றையறை வீடுகளுக்கு மதிப்பெண் போடுவோம். இது என் யோசனை. தரைக்கு ஐந்து, வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்கு ஐந்து, சாமி படத்துக்கு ஐந்து, குடி இல்லாத வீட்டுக்கு ஐந்து. முதலாவதாக வரும் வீட்டுக்கு ஒரு குத்துவிளக்கு. அதற்கு முந்தின வாரம் முழுக்க மலையே சாணி மெழுகிக்கொண்டிருக்கும். ஒரு விளக்கு எத்தனை வீட்டைத் திருத்துகிறது என்று நூர்தீன் முதலாளி வியப்பார்.

ஐம்பத்தொன்றாம் வருடத்துப் பொங்கலுக்கு மாயாண்டி வீட்டுக்குப் போனோம். மாயாண்டி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். அவன் மனைவி காளியாயி கொழுந்து எடுப்பவள். பூரணி அவர்களின் ஒரே பிள்ளை. தரை கண்ணாடி போலிருந்தது. மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு போத்தலின் கழுத்து தெரிந்தது.

நான் அதைப் பார்ப்பதை மாயாண்டி பார்த்துவிட்டான். "அதுக்கு எத்தன மார்க்குங்க சார்?" என்றான்.

"அதுக்கு மார்க்கு உண்டுன்னா இந்த மலையிலேயே மொதப் பரிசு இவருக்குத்தாங்க சார்" என்றாள் காளியாயி. "வருசம் பூரா பாடுபட்டுப் படிச்சிருக்காரு."

நூர்தீன் முதலாளி தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு சிரித்தார். நான் புத்தகத்தில் எழுதினேன். தரை ஐந்து, கான் நான்கு, சாமி படம் மூன்று, குடி பூச்சியம். மொத்தம் பன்னிரண்டு.

அந்த வருடம்தான் தோட்டத்து ஆட்களின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பங்களுக்குக் கடைசி வருடம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். விண்ணப்பம் இங்கிலீசில். எங்கள் தோட்டத்தில் அறுபத்தெட்டுக் குடும்பங்கள். யாருக்கும் அதை நிரப்பத் தெரியாது. சங்கம் அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. ஞாயிறுதோறும் காலையிலிருந்து நான் எழுதினேன். யார் எங்கே பிறந்தார், எந்த வருடம் தோட்டத்தில் பேர் பதிந்தார், இந்தியாவுக்குப் போய் எத்தனை மாதம் தங்கினார் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். விரல் வீங்கியது. காளியாயி இந்த மலைநாட்டு இறம்பொடையிலேயே பிறந்தவள். "கடலே பாத்ததில்லைங்க சார், அதையும் எழுதிக்கங்க" என்றாள். அதற்கு விண்ணப்பத்தில் இடமில்லை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் சங்கத்தின் முத்திரை குத்தி ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தேன். கையில் ஏதாவது இருந்தால் ஏழைகளுக்கு மனம் ஆறும்.

ஜூலையில் ஒரு விசாரணை அதிகாரியைச் சந்தித்தேன். நல்ல மனிதர். "ஒன்று கெட்டதாக இருந்தால் கட்டு முழுவதையும் சந்தேகிக்க வேண்டிவரும், மாஸ்டர்" என்றார். அவர் சொன்னது கள்ளப் பிறப்புச் சான்றிதழ்களைப் பற்றி. நான் அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக எடுத்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள் தம்பி. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நம் சங்கத்தின் பெயர் இருந்தது. நாளைக்கு ஒரு குடிகாரன் விசாரணைக்குத் தள்ளாடிக்கொண்டு போனால், நல்லவர்களின் விண்ணப்பமும் கெட்டுப்போகும். ஒரு தேசத்துக்கு ஆட்களைச் சிபாரிசு செய்கிறோம். பொறுக்கித்தான் கொடுக்க வேண்டும். எனக்குத் தோன்றியபடி பொறுக்கினால் அது பாரபட்சம். கையில் மதிப்பெண் புத்தகம் இருந்தது. பன்னிரண்டில் கோடு போட்டேன். பன்னிரண்டும் அதற்கு மேலும் உள்ள வீடுகளின் விண்ணப்பங்களை அனுப்புவது. மற்றவற்றை வைத்துக்கொள்வது.

மாயாண்டி கோட்டின் மேலேயே நின்றான். சிறிது நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய வருடம் என் மனைவி நாகலெட்சுமி காய்ச்சலில் கிடந்தபோது, இருபது நாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவள் காளியாயி. கொழுந்துக் கூடை முதுகில் இருக்க, தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நன்றி வேறு, மதிப்பெண் வேறு. சாமி இருக்கும் வீட்டில் நின்று போத்தலுக்கு மார்க்குக் கேட்டது முறையில்லை. சாமி படத்துக்குப் போட்டிருந்த மூன்றை இரண்டாகத் திருத்தினேன்.

நாற்பத்தொரு விண்ணப்பங்கள் போயின. இருபத்தேழு அலமாரிக்குள் இருந்தன.

"எல்லாம் அனுப்பியாச்சா மாஸ்டர்?" என்று நூர்தீன் முதலாளி கேட்டார்.

"அனுப்ப வேண்டியதெல்லாம் அனுப்பியாச்சு முதலாளி" என்றேன்.

"அல்லா ஒங்களுக்குக் கூலி தருவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் காலமாகும்வரை அவருக்குத் தெரியாது.

இருபத்தேழு குடும்பங்களுக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் மனம் நோகும். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. விண்ணப்பங்களோடு சேர்த்த வாக்குமூலத் தாள்களுக்குப் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நல்ல கெட்டித் தாள். பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்தேன். நீங்கள் கண்ட விண்ணப்பக் கட்டில் தாள்கள் குறைவதற்குக் காரணம் அதுதான். பூரணிக்குக் கிடைத்தது அவள் அப்பாவின் தாள் என்பதை அவள் கேட்ட பிறகே கவனித்தேன். மறுபக்கத்தில் மாயாண்டியின் பெருவிரல் ரேகை இருந்தது. அன்று அவள் எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டாள்.

அனுப்பிய நாற்பத்தொன்றில் பன்னிரண்டுக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. அதில் அழகுமுத்துவும் ஒருவன். இருபதுக்கு இருபது வாங்கிக் குத்துவிளக்கு பெற்றவன். ஐம்பத்தெட்டில் அவன் லயத்துக்குப் பின்னால் கசிப்புச் சாராயம் காய்ச்சியதாகப் பிடிபட்டான். வீடு அப்போதும் மிகச் சுத்தமாகத்தான் இருந்தது.

காளியாயி என்னை எங்கே கண்டாலும் கேட்பாள். "நம்ம பேரு எப்பங்க சார் வரும்?"

"பொறுமையா இரும்மா" என்பேன். பொறுமை நல்ல குணம். பதின்மூன்று வருடம் இருந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த இருபத்தேழு வீடுகளுக்கு மட்டும் சங்கத்தின் சார்பில் துணி துவைக்கும் சவுக்காரம் ஒன்று அதிகமாகக் கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன வருடம் தோட்டத்தில் பதிவு பார்க்க அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். விண்ணப்ப இலக்கம் உள்ளவர்களை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். மாயாண்டி பிஸ்கட் டின்னிலிருந்து நான் கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறான். பதின்மூன்று வருடமாகத் துணியில் சுற்றி வைத்திருந்தானாம். வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சங்கத்து முத்திரை, அரசாங்கத்து முத்திரை இல்லையே" என்றாராம். மாயாண்டி என்னிடம் ஓடிவந்தான்.

"தபால்ல தவறியிருக்குமாங்க சார்?"

"தபாலைப் பற்றி நாம் என்ன சொல்ல முடியும்" என்றேன்.

பூரணிக்குத் தலவாக்கலையில் பேசிவைத்திருந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோனது. பையன் வீட்டாருக்குப் பிரஜாவுரிமை இருந்தது. இலக்கமே இல்லாத பெண்ணை எடுக்கப் பயந்தார்கள். அதற்குப் பிறகு மாயாண்டி வேறு வழியில்லாமல் கண்டியிலுள்ள இந்தியக் காரியாலயத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தான். இந்தியாவுக்குப் போக வேண்டிய நாளும் வந்தது.

ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு ஸ்டேஷனில் தேநீரும் பணிசு ரொட்டியும் கொடுக்கும் வழக்கத்தை நம் சங்கத்தில் ஏற்படுத்தியவன் நான். அன்று காலையும் தேநீர்க் கேத்தலை நானே தூக்கிக்கொண்டு போனேன். மாயாண்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். வேடிக்கைப் பேச்சு ஒன்றும் இல்லை. குடியையும் விட்டு நான்கு வருடமாயிற்றாம். அது எனக்குத் தெரியாது. காளியாயி என் காலைத் தொட்டாள்.

"எல்லாருக்கும் எழுதிக் குடுத்தீங்க. எங்க தலையெழுத்து இப்பிடி இருந்தா நீங்க என்னாங்க சார் பண்ணுவீங்க" என்றாள். பிறகு, "நாயி ரயிலடி வரைக்கும் வந்துட்டு லயத்துக்கே திரும்பிப் போயிருச்சு. பசி தாங்காதுங்க அது. கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்றாள்.

பூரணி தேநீரைக் கையில் வைத்திருந்தாள். குடிக்கவில்லை. ரயில் புறப்படும்போது கோப்பையை என்னிடம் நிறைந்தபடியே திருப்பிக் கொடுத்தாள். சூடு அதிகமாக இருந்திருக்கும்.

இவ்வளவுதான் தம்பி. திருத்தியது நான். வைத்துக்கொண்டது நான். மீதி இருபத்தாறு குடும்பங்களில் ஒன்பது போய்விட்டன, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதைச் சபை தீர்மானிக்கட்டும். சொன்னால் மனம் நோகும் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்றை மட்டும் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போன பிறகு, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பு, நான் தினமும் அந்த லயத்துக்குப் போகிறேன். பூட்டிய கதவின் முன்னால் அந்த நாய் படுத்திருக்கும். ஒரு ரொட்டியைப் பிய்த்து, தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் போடுகிறேன். தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வருகிறேன். யாருக்கும் தெரியாது, நாகலெட்சுமிக்குக்கூட. அந்தக் குடும்பத்துக்கு நான் ஏதாவது கடன்பட்டிருந்தால், அது இப்படி நாளுக்கு நாள் தீர்ந்துகொண்டிருக்கிறது. அநேகமாக இந்தப் பொங்கலோடு முடிந்துவிடும்.